ஓங்கி ஒரு தட்டு

பெனிஸ்டன் எழுந்தான். தண்ணீர் பிடித்தான். பழைய சோற்றை மோரூற்றிக் கரைத்துக் குடித்தான். பைக் சீட்டில் படிந்திருந்த கரித்தூசியைத் துடைத்தான். ஹெவி லைசென்ஸ் சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் துறைமுகச் சாலைக்குக் கிளம்பினான்.

கண்டெய்னர் யார்டில் நிரந்தர டிரைவர் வேலை ஒன்று காலியாக இருந்தது. பி.காம். முடித்துவிட்டு, கூப்பிட்ட நாளில் மட்டும் அங்கே டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். மனைவி ஜெயஷீலா இறந்தபின் மகளை நாசரேத்துக்குக் கூட்டிப்போன மாமியார் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தாள்: "மாசச் சம்பளத்துல உக்காருங்க மாப்ள. மறுநாளே புள்ளைய கொண்டாந்து விடுதேன்."

கேட்டில் அவனைத் தவிர ஒருவன்தான் நின்றான். சொரிமுத்து. வேம்பாரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தான். உப்பளத்தில் லாரி ஓட்டியவன்.

"டிரெய்லர்ல எனக்கு அவ்வளவா கை பழகலண்ணே. ஒங்களுக்குத்தான் கெடைக்கும், நீங்க இங்கன உள்ள ஆளு," என்றான்.

சூப்பர்வைசர் தங்கதுரை வந்தார். "ஏலே, அந்த ரெண்டு கண்டெய்னர் அடுக்குக்கும் நடுவுல டிரெய்லர ரிவர்ஸ்ல ஏத்தணும். பின்னால ஆள் கெடையாது. மொதல்ல வந்தவன் மொதல்ல ஏறு. இடிச்சா எறங்கு, வேல அடுத்தவனுக்கு."

யார்டில் யாரும் ஆளில்லாமல் ரிவர்ஸ் எடுப்பதில்லை. பின்னால் நிற்பவன் வண்டியின் தகரத்தில் தட்டிக்கொண்டே வருவான். விட்டுவிட்டுத் தட்டினால் வரலாம். ஓங்கி ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும்.

சொரிமுத்து ஏறினான். முதல்முறை வண்டி கோணிக்கொண்டது. முன்னால் எடுத்து மறுபடி வந்தான். வியர்வை கண்ணில் இறங்க, தலையை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்தான். வண்டியின் வால் இடது அடுக்கை நோக்கிச் சாய்ந்தது. ஒரு முழம். ஒரு சாண். இடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பெனிஸ்டன் நின்றான். கால் எப்போது நகர்ந்தது என்று தெரியவில்லை. தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு விழுந்தது.

வண்டி நின்றது.

"ரைட்ல ஒடிலே! இன்னும் ஒடி! இப்பம் வா, வா, வா..."

அது தன் குரல் என்பதே அவனுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. கை தட்டிக்கொண்டே இருந்தது. வண்டி பட்டும் படாமல் உள்ளே போய் நின்றது. சொரிமுத்து சிரித்தான். பெனிஸ்டனும் சிரித்தான். எதற்கென்று தெரியவில்லை.

"ஆள் கெடையாதுன்னு சொன்னம்லாலே?" என்றார் தங்கதுரை.

"தெரியல அண்ணாச்சி. கை தானா..."

"பி.காம். படிச்சவன் இப்பிடியா கூறில்லாம நிப்ப? கப்பல் காத்துக் கெடக்கு. வண்டி உள்ள போச்சு, எனக்கு அது போதும். வேல அவனுக்கு. நீதான் நல்லா தட்டுதியே, அவனுக்கே கிளீனரா நில்லு. தெனக்கூலி தாரேன்."

சாயங்காலம் வரை பெனிஸ்டன் சொரிமுத்துவின் வண்டிக்குப் பின்னால் நின்று தட்டினான். உள்ளங்கை சிவந்து, ரேகைகளில் துரு ஏறியிருந்தது. நாசரேத்திலிருந்து போன் அடித்தது. எடுக்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கேட்டுக்கு வெளியே இதே சாலையில்தான் அன்றைக்கு ஜெயஷீலாவை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் நின்றது. குறுக்கே ஒரு டிரெய்லர் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. யாரோ புது டிரைவர். ஆம்புலன்ஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பெனிஸ்டன் வெளியே தலையை நீட்டிக் கெட்ட வார்த்தை சொன்னான். ஜெயஷீலா மூக்கிலிருந்த மாஸ்க்கை விலக்கினாள்.

"ஏங்க, ஹாரன் அடிக்காண்டாம்னு சொல்லுங்க. பதறிருவான். திருப்பிருவான், பாருங்க."