விழப் பழகிய குளிர்காலம்

பேருந்து அவளுக்காகவே நின்றது. ஓட்டுநர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கையை அசைத்து வரச் சொன்னார். வாசற்படிக்கும் பேருந்துக்கும் நடுவே பன்னிரண்டடிச் சாலைதான். ஆனால் முந்தின நாள் மழை விடியற்காலைக் குளிரில் பனிக்கட்டியாக இறுகிப்போய், சாலை எண்ணெய் தடவிய தட்டுபோலப் பளபளத்தது. அவள் கடைசிப் படியில் ஒரு காலை வைத்தபடி, கைப்பிடியை விடாமல் நின்றாள். ஓட்டுநர் அரை நிமிடம் பார்த்தார். கதவு மூடியது. உள்ளே இருந்த அத்தனை பேரும் தன்னையே பார்த்துக்கொண்டு போவதுபோல அவளுக்குத் தோன்றியது. இருபத்தாறு வருஷம் மழை பனி பாராமல் இந்த ஊருக்குத் தபால் சுமந்தவளுக்கு, பன்னிரண்டடி கடலாகிப் போயிருந்தது.

பின்னாலிருந்து கணவன் வந்தான். கையில், பனி உருகத் தூவும் உப்பு வாளி.

"நான்தான் சொன்னேன்ல, தனியா எறங்காதன்னு. இரு, கையப் புடிச்சுக்கோ. அடுத்த பஸ்ஸுல ஏத்தி விடறேன்."

அவள் கையைக் கொடுத்தாள். அவன் ஓரடி ஓரடியாக உப்பைத் தூவி, ஓரடி ஓரடியாக அவளை நடத்திப் போனான்.

போன குளிர்காலத்தில் மேட்டுத்தெருப் படிகளில் விழுந்தாள். நூற்றுப்பன்னிரண்டு படி, முக்கால்வாசி ஏறியிருந்தாள். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஆள் நடமாட்டமில்லாத நேரமாகப் பார்த்து விழுந்ததில், முக்கால் மணி நேரம் பனியிலேயே கிடந்தாள். அப்புறம் அறுவை சிகிச்சை, இரும்புத் தகடு, ஊன்றுகோல், ஆறு மாத லீவு. "இனி நீங்க ஓட்டப்பந்தயமே ஓடலாம்" என்று டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். எலும்பு கூடிவிட்டது உண்மைதான். மனசுதான் எழுந்து வர மாட்டேன் என்று அந்தப் படியிலேயே படுத்திருந்தது.

அலுவலகத்தில் அவளைத் தபால் பிரிக்கும் அறைக்கு மாற்றியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. இருட்டில் உள்ளே போனால் இருட்டில்தான் வெளியே வருவாள். வெயில் என்று ஒன்று உண்டா என்பதைக் கடிதங்களில் வரும் பட அட்டைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கார்த்திகை கழிந்ததிலிருந்து அவளுக்குப் பசிக்கவில்லை. தங்கை ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் திரையைக்கூட விலக்காமல் கட்டிலில் கிடந்தாள். ஒருநாள் யாரோ யாருக்கோ அனுப்பிய அட்டையில் கடற்கரையைப் பார்த்துவிட்டு, காரணமே இல்லாமல் பத்து நிமிடம் அழுதாள். பக்கத்து மேசைக்காரி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனாள். கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

அந்த வாரத்தில்தான் கடிதம் வந்தது. ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்தவளுக்கே ஒரு கடிதம், மேலதிகாரியிடமிருந்து. மாதம் முடிவதற்குள் சூப்பர்வைசர் முன்னால் தன் பழைய தெருக்களில் நடந்து தபால் கொடுத்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தெருக்கள் வேறொருவருக்கு. அவளுக்கு அந்த அறை நிரந்தரம்.

"நல்லதாப் போச்சு" என்றான் கணவன். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். நாளெல்லாம் அடுத்தவர் கதை கேட்டுக் கேட்டு, எதையும் சமாதானமாகப் பேசியே பழகியவன். "உக்காந்த எடத்துல வேலை. எத்தனை பேருக்குக் கெடைக்கும்? வேண்டாம்னு எழுதிக் குடுத்துடு."

சரியென்று தலையாட்டினாள். எழுதத்தான் உட்கார்ந்தாள். பேனா ஓடவில்லை.

மறுநாள் மதியம் அந்த அறைக்குள் தலையை நீட்டினாள் பாப்பா. பாப்பா என்றால் குழந்தையில்லை. கணவனின் தங்கை, ஐம்பத்தொரு வயது, தொண்ணூற்றைந்து கிலோ. பிறந்தபோது வைத்த செல்லப்பெயர் அவளைவிட்டுப் போகவேயில்லை. தபால் அலுவலகத்துக்குப் பின்புறமிருந்த சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள்.

"அண்ணி, எனக்குச் சக்கரை முன்னூறு. தெனமும் நடக்கலைன்னா ஊசிதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. தனியா நடந்தா என் காலு நேரா பேக்கரிக்குத்தான் போகும். கூட வாங்க."

"என்னால முடியாது பாப்பா. பனி."

"எனக்கு மட்டும் பூவா போட்டு வச்சிருக்காங்க? வாங்க. பத்தே நிமிஷம்."

தனக்காக என்றால் போயிருக்க மாட்டாள். முன்னூறு என்ற எண் அவளை எழுப்பிவிட்டது. முதல்நாள், பனியைப் பெருக்கித் தள்ளியிருந்த தெருவில், பாப்பாவின் முழங்கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இரண்டு வாத்துகள்போல நடந்தார்கள். வெயில் இருந்தது. சூடு இல்லாத, வெளிறிய வெயில், ஆனாலும் வெயில். கன்னத்தில் அது பட்டதும் அவள் தன்னையறியாமல் நின்றுவிட்டாள். திரும்பி வந்து டப்பாவைத் திறந்தபோது, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

பத்து நிமிடம் பதினைந்தானது. அப்புறம் முழு இடைவேளையும். பாப்பா பேக்கரியைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். இவள் பனி மினுங்கும் இடங்களைக் கண்ணை மூடாமல் தாண்டப் பழகினாள். ஆனாலும் முழங்கையை விடவில்லை.

இரண்டாவது வாரம் சலவைக் கடையின் பின்முற்றத்தில், "ஐயோ அண்ணி!" என்றொரு சத்தம். அடுத்த நொடி முழங்கை அவள் கையில் இல்லை. புதுப்பனியில் மல்லாந்த ஆமையாகக் கிடந்தாள் பாப்பா.

"அடிபட்டுதா?"

"மானம் மட்டும்தான். எங்கண்ணனைக் கூப்பிடாதீங்க. என்னைத் தூக்கப் போயி அவனும் படுத்துடுவான்."

தூக்குவது நடக்காத காரியம். ஆனால் ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுத்த பெண், விழுந்தால் எழுந்திருப்பது எப்படியென்று இவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அது ஞாபகம் வந்தது.

"மல்லாக்க கெடந்து மல்லுக்கட்டாத. ஒருக்களி. ம். இப்ப ரெண்டு கையும் ஊனு. முட்டி போடு. ஒரு காலை முன்னால வை. அந்தத் தொடையில கையழுத்தி… எந்திரி!"

பாப்பா எழுந்துவிட்டாள். பனியைத் தட்டிக்கொண்டு, மலையேறியவள்போலச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? அண்ணி, நீங்க ஒருதரம் செஞ்சு காட்டுங்க, பாப்போம்."

அவள் அந்த வெள்ளைப் பரப்பைப் பார்த்தாள். முழங்கால் ஆழத்துக்கு மெத்தென்ற பனி.  எத்தனை மாதமாக எதற்குப் பயந்து சுவரோரமாகவே நடந்தாளோ, அதை வேண்டுமென்றே செய்வதா? யோசித்தால் நடக்காது என்று தெரிந்தது. யோசிக்காமல் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

பனி அவளை வாங்கிக்கொண்டது. மேலே வானம். போன வருஷத்து முக்கால் மணி நேரம் ஓடிவந்து நெஞ்சின்மேல் உட்கார்ந்தது. கூப்பிட்ட குரல் யாருக்கும் கேட்காமல் போனது, விரல்கள் மரத்தது, எல்லாம் வந்தது. வரட்டும் என்று கிடந்தாள். பிறகு ஒருக்களித்தாள். கையூன்றினாள். முட்டி. ஒரு கால். நின்றாள்.

"இன்னொரு தரம்" என்றாள்.

அன்று ஏழு முறை விழுந்தாள். பாப்பா நாலு முறை. விழுந்து விழுந்து சிரிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அவர்கள் நிஜமாகவே அப்படிச் சிரித்தார்கள். சலவைக் கடை முதலாளியம்மா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, இரண்டுக்கும் கழன்றுவிட்டது என்று முடிவுகட்டி மூடினாள். தினமும் நடை முடிந்ததும் கொஞ்ச நேரம் விழுவது என்று வழக்கமாயிற்று.

மூன்றாம் நாள், அவள் வீட்டில் மறந்துவிட்டுப் போன மாத்திரையைக் கொடுக்க வந்த கணவன் அதைப் பார்த்தான். அவன் கண்ணெதிரே மனைவி பனியில் சரிந்தாள். அவன் போட்ட கூச்சலில் கூரைப் பனியே உதிர்ந்தது. ஓடிவருவதற்குள் அவள் எழுந்து நின்று தோளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பைத்தியமா ஒனக்கு? மறுபடியும் ஒடஞ்சா?"

"ஒடையாமயே ஒரு வருஷமா கெடந்தேனேங்க. அது மட்டும் நல்லாவா இருந்துச்சு?"

  அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அன்னிக்கு உன்னை வண்டியில ஏத்துனப்ப, உன் பூட்ஸு ஒண்ணு படியிலயே கெடந்துச்சு. அதைக் கையில வச்சுக்கிட்டு நாலு மணி நேரம் ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தேன். ஒத்தக் காலு பூட்ஸு. இப்பவும் கத்திரியை எடுத்தா சில நாள் கை நடுங்குது."

இத்தனை நாள் அவன் இதைச் சொன்னதில்லை. ஊர்க்கதை எல்லாம் சுமந்து வருகிறவன், தன் கதையை மட்டும் கடையிலேயே பூட்டி வைத்திருக்கிறான். விழுந்து விழுந்து கவனித்ததெல்லாம் அவன் பயம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. குளிரில் சிவந்திருந்த அவன் கையைத் தன் கையுறைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப நீங்களும் ஒருதரம் விழுந்து பாருங்க" என்றாள்.

"போடி" என்றான். ஆனால் போகவில்லை. விழத் தயாரான பாப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கையில் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றான்.

மாதக் கடைசி நாள், சூப்பர்வைசரோடு சுற்ற வேண்டிய நாள். வாசலில் அவன் குனிந்து உட்கார்ந்து, அவள் பூட்ஸின் அடியில், வழுக்காமலிருக்க, இரும்பு முள் பட்டையை மாட்டிவிட்டான். நடுங்கின கையோடுதான், ஆனால் இறுக்கமாக. உப்பு வாளியைத் தொடவில்லை. அவள் தனியாகச் சாலையைக் கடந்து பேருந்தில் ஏறினாள்.

சூப்பர்வைசர் ஒல்லியான, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த மனிதர். கோப்பும் பேனாவுமாகப் பின்னால் வந்தார். மேட்டுத்தெருப் படிகளுக்கு வந்ததும் அவள் பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினாள். ஏறத் தொடங்கினாள். எந்தப் படியில் விழுந்தோம் என்று தேடிக்கொண்டே ஏறியவளுக்கு, உச்சிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அதைத் தாண்டி வந்துவிட்டோம் என்று. எல்லாப் படிகளும் ஒரே மாதிரி வெள்ளையாக இருந்தன. கீழே சூப்பர்வைசர் கைப்பிடியில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

அந்தப்பக்கத்துச் சரிவில்தான் அது நடந்தது. பனிக்கு அடியில், முள்ளும் பற்றாத வழவழப்பான கல். கால் நழுவியது. பக்கவாட்டில் சாய்ந்து, பையோடு விழுந்தாள்.

"ஐயையோ!" என்று சூப்பர்வைசர் ஓடிவந்தார். "அசையாதீங்க, ஆளைக் கூப்பிடறேன்."

"வேண்டாம் சார். ரெண்டு நிமிஷம் தள்ளி நில்லுங்க."

ஒருக்களித்தாள். கையூன்றினாள். முட்டி. ஒரு கால். நின்றாள். பையைத் திறந்து கடிதங்கள் நனையவில்லையே என்று பார்த்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் அவளையே பார்த்தார். கோப்பில் ஒரு வரி எழுதி, மூடி, கோட்டுக்குள் செருகினார்.

"இன்னும் நாலு தெரு இருக்கே சார்."

"அது உங்க தெரு. நீங்க பாத்துக்குங்க. நான் எங்கயாவது சூடா ஒரு டீ குடிக்கணும்."

அவர் போன பிறகு அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை, அடுத்த வீட்டுப் பெட்டியில் கடிதத்தைப் போட்டாள். அதற்கடுத்த வீட்டில் ஒரு பார்சல். கடைத்தெருவுக்குள் திரும்பியபோது கால்கள் தாமாகவே வேகமெடுத்தன.

முடிதிருத்தும் கடையின் கதவைத் தள்ளினாள். மணி கிணுகிணுத்தது.

"சார், தபால்."

கணவன் திரும்பினான். பையைப் பார்த்தான், பனி ஒட்டிய அவள் தோளைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினான். அவள் சிரித்துவிட்டு வெளியே இறங்கினாள். இன்னும் மூன்று தெரு இருந்தது.

அவன் கத்திரியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தான். நாற்காலியில் இருந்தவரும், என்னமோ ஏதோ என்று, கழுத்தில் கட்டிய துணியோடும் பாதி வெட்டிய முடியோடும் அவன் பின்னால் வந்து நின்றார். விஷயம் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் பக்கத்தில் நிற்பவன் கண்ணீரோடு கைதட்டுவதைப் பார்த்து அவரும் தட்டத் தொடங்கினார். தெருவின் மறுகோடியில், பை ஒரு பக்கம் இழுக்க, மதிய வெயிலில் கண்ணைக் கூசவைத்த பனிமேல் அவள் நடந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் முள் பதிந்த சின்னச் சின்னப் புள்ளிகள், வரிசையாக.