அரம் இருக்க அளவெதுக்கு

நெல்சன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சலோமிக்கு எவ்வளவோ வசதி, வாய் நிறையத் திட்டித் தீர்த்திருக்கலாம். அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தான் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

அண்ணன் பிராங்க்ளின், சலோமியின் வீட்டுக்காரர். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்ற வரும் லாரிகளுக்கு ஷெட் போட்டு மெக்கானிக் வேலை பார்த்தவர். எந்த லாரியின் பாகத்தையும் எந்த லாரிக்கும் மாட்டி ஓட்டிக் காட்டுவார். துளை சேரவில்லையா? அரத்தை எடு, ராவு, மாட்டு. "அரம் இருக்க அளவெதுக்கு" என்பதுதான் அந்த ஷெட்டின் வேதவாக்கு. இன்னொரு வழக்கமும் உண்டு. ராவி மாட்டிய வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் எல்லாரும் கண்ணை மூடி நிற்க வேண்டும், பிராங்க்ளின் "அந்தோணியாரே, காப்பாத்தும்" என்பார். திருநீறு பூசிய டிரைவர்கள்கூடப் பேசாமல் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் திருகுவார்கள். தம்பி நெல்சன் வேலை பழகியது அந்த ஷெட்டில்தான், இப்போது ஷெட்டை நடத்துவதும் அவன்தான்.

ஏனென்றால் பிராங்க்ளினுக்கு அந்த நோய் வந்துவிட்டது. முதலில் கையிலிருந்து ஸ்பானர் நழுவியது. வயசாகிறது என்று சிரித்தார். அப்புறம் கால், அப்புறம் நாக்கு. தசையை அசைக்கிற நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துப்போகும், மூளைக்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர். கேட்டுவிட்டு சலோமி ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே உட்கார்ந்து அழுதாள். மூளையும் கூடவே மங்கினால் மனுஷனுக்கு ஒன்றும் தெரியாமலாவது போயிருக்குமே!

கடைசியில் கண் மட்டும் மிச்சம். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை. இதை வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் தருமபுரம் வீட்டில் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். தண்ணி வேணுமா, மேலே. ஃபேன் போடவா, மூடல். பிறகுதான் அந்த லேப்டாப் வந்தது. பழையதுதான். திரைக்குக் கீழே ஒரு கேமரா கண் போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எந்த எழுத்தை அவர் உற்றுப் பார்க்கிறாரோ அந்த எழுத்து விழும், வாக்கியம் முடிந்ததும் மெஷினே உரக்கப் படிக்கும். முதல் நாள் பிராங்க்ளின் எழுதியது என்ன தெரியுமா? "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்." சலோமி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்றோடு கண் பாஷை மறந்துபோனது. வாய் வந்த பிறகு ஜாடை எதற்கு?

ஆனால் லேப்டாப்புக்கும் வயசாகுமே. ஏதோ புது அப்டேட் தானாக ஏறியதிலிருந்து ஒரு எழுத்தைப் பார்த்துவிட்டு அது விழுவதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் திரை அப்படியே உறைந்து நின்றுவிடும். அதுவும் எந்த நேரத்தில்? டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டுவைத்த நேரத்தில்.

"நெஞ்சு பலவீனமாகிட்டே வருதும்மா. இந்த மாஸ்க் மெஷின் ரொம்ப நாளைக்குத் தாங்காது. மூச்சு நின்னுபோற கட்டம் வந்தா தொண்டையில ஓட்டை போட்டு ட்யூப் வைக்கலாம், மெஷின் மூச்சு விடும், பல வருஷம்கூட இருப்பாரு. ஆனா இதே நிலைமையிலதான் இருப்பாரு. வச்சுட்டா அப்புறம் எடுக்கறது லேசான காரியம் இல்ல. வைக்கணுமா வேணாமான்னு அவரே யோசிச்சு முன்னாடியே சொல்லிடட்டும்."

பிராங்க்ளின் அன்றைக்கே பதில் எழுத ஆரம்பித்தார். பாதி சாயங்காலம் போனது. திரையில் வந்தது இவ்வளவுதான்: "ஞாயிறு தம்பி வரட்டும். ரெண்டு பேருக்கும் சேர்த்து காரணத்தோட சொல்றேன்." சலோமி மேற்கொண்டு கேட்கவில்லை. அவளுக்குப் பயம்.

பாரதியார் சாலையில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜுவைரியாவுக்குப் போன் போட்டாள். ஜுவைரியா பொறுமையானவள். லேப்டாப்பைத் திருப்பி மாடல் நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வாட்ஸாப்பில் குரல் வந்தது. சலோமி அதைப் புருஷன் காதருகே வைத்துப் போட்டாள்.

"அக்கா, ரேம் கூட்டினா சரியாயிடும். ஆனா எல்லா ரேமும் எல்லா லேப்டாப்புக்கும் சேராது. உங்களுது பழைய மாடல், மூணாம் ரகம் மட்டும்தான் எடுத்துக்கும், அதுலயும் குறைஞ்ச வோல்ட்டுல ஓடறதா இருக்கணும். என்கிட்ட இல்ல, நாகப்பட்டினத்துல சொல்லியிருக்கேன், திங்கக்கிழமை வந்துடும். அதுவரைக்கும் யாரையும் திறக்க விடாதீங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமா போகும்."

பிராங்க்ளின் அதைக் கேட்டார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நெல்சன் வந்தான். ஒரு கையில் மீன் பை, இன்னொரு கையில் டூல்ஸ் பை. சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பச்சைப் பட்டை ஒன்றை எடுத்துக் காட்டினான்.

"அண்ணி, துறைமுக ஆபீஸ்ல பழைய லேப்டாப்பெல்லாம் கழிச்சுப் போட்டாங்க. தெரிஞ்ச பையன் கழட்டிக் குடுத்தான். ரேம்! அண்ணன் இன்னைக்கு சரளமா பேசப் போறாரு பாருங்க."

"தம்பி, ஜுவைரியா நாளைக்கு வருதுன்னு சொல்லியிருக்கா. மூணாம் ரகம்தான் சேருமாம்."

"இது நாலாம் ரகம் அண்ணி. நாலு மூணை விடப் பெருசுதானே?"

 சலோமிக்குக் கேட்டால் நியாயமாகத்தான் பட்டது. "வேணாம் தம்பி, ஒருநாள் பொறுப்போம்" என்று இழுத்தாள். சத்தமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் புருஷன் எதிரில் கொழுந்தனை எப்படி அதட்டுவது? வாரம் தவறாமல் வந்து அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவன் அவன். அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு அவசரம் இருந்ததே, அதையும் சொல்ல வேண்டும். இன்றைக்குப் பதில் தெரிந்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

நெல்சன் சாப்பாட்டு மேஜையை அண்ணன் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு, லேப்டாப்பைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றினான். அந்த நிமிஷத்திலிருந்து பிராங்க்ளினுக்கு வாய் இல்லை.

பட்டை உட்காரவில்லை. உட்காராதுதான். அதன் நடுவில் இருக்கும் வெட்டு ஒரு இடத்தில், லேப்டாப்பின் பள்ளத்தில் இருக்கும் மேடு வேறு இடத்தில். மாறிப் போட்டுவிடக் கூடாது என்றுதான் செய்கிறவனே அப்படிச் செய்து வைத்திருக்கிறான். ஒருமுறை அழுத்திப் பார்த்தான் நெல்சன். அகலமும் ஒரு நூல் அதிகம். நிமிர்ந்து அண்ணனைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன அண்ணே? அரம் இருக்க அளவெதுக்கு!"

பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்தான். மேடு இருக்கும் இடத்துக்கு நேராகப் புது வெட்டு ராவினான், இரண்டு ஓரத்தையும் ராவினான். பச்சைத் தூள் மேஜையில் கொட்டியது. பிராங்க்ளின் கண்கள் அரத்தோடு போய் வந்தன. பிறகு சலோமி பக்கம் திரும்பின. அவள் நெல்சனுக்கு வெளிச்சம் காட்டி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பட்டை 'டக்'கென்று உட்கார்ந்தது. நெல்சன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணி, ஜெபம் பண்ணிட்டு ஆன் பண்ணுவோம். அந்தோணியாரே, காப்பாத்தும்."

மூவரும் கண்ணை மூடினார்கள். சலோமி திறந்தாள், நெல்சன் திறந்தான். பிராங்க்ளின் திறக்கவில்லை. இறுக்கி மூடியபடியே இருந்தார், இமை ஓரத்தில் சுருக்கம் விழுகிற அளவுக்கு. திறந்து சலோமியைப் பார்த்தார், மறுபடியும் இறுக்கி மூடினார்.

"அண்ணன் பாருங்க, எவ்வளவு உருகி வேண்டுறாரு" என்றான் நெல்சன். சலோமிக்கும் கண் கலங்கியது. புருஷன் முடிக்கட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு நெல்சன் பட்டனை அமுக்கினான்.

லேப்டாப்பின் விளக்கு ஒருமுறை மினுக்கியது, அவ்வளவுதான். அடியிலிருந்து கருகிய வாடை வந்தது. நெல்சன் ஒயரைப் பிடுங்கினான், பட்டையைப் பிடுங்கினான், பழைய ரேமை மட்டும் போட்டுப் பார்த்தான். எழும்பவில்லை. ஊதிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், வெயிலில்கூட வைத்துப் பார்த்தான் பாவி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிப் போயிற்று. கடைசியில் அண்ணன் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். அழுகிறவனை என்னவென்று திட்டுவது? சலோமி மீனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

மீனை அலசும்போது தோன்றியது. கண் இருக்கிறதே! மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை. காரணம் தெரியாவிட்டால் போகிறது, வைக்கவா வேண்டாமா என்று இப்போதே போய்க் கேட்டுவிடலாமே. கையில் செதிலோடு அப்படியே நின்றாள். கேட்டு, அவர் வேண்டாம் என்றுவிட்டால்? நாளைக்குத்தான் ரேம் வருகிறதே, ஜுவைரியா எப்படியாவது எழுப்பிவிடுவாள், அவரே காரணத்தோடு சொல்லட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மறுபடி செதில் தேய்த்தாள். லேப்டாப்பே செத்துக் கிடக்கிறது, ரேம் வந்து என்ன பண்ணும் என்று அவளுக்குத் தெரியாமலா இருந்தது?

குழம்பு இறக்குவதற்குள் நெல்சன் கத்தினான். ஓடி வந்தபோது பிராங்க்ளின் உதடு நீலம் பாரித்திருந்தது. மாஸ்க் மெஷின் இரைந்துகொண்டிருந்தது, நெஞ்சு ஏறவில்லை. ஆம்புலன்ஸில் சலோமி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு "ஏங்க, ஏங்க, என்னைப் பாருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். கண் பாதி மூடியிருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளவயது டாக்டர். சத்தம் போடாமல் கேட்டார்.

"இப்ப வாய் வழியா ட்யூப் போட்டு மூச்சு குடுத்தா, அடுத்தது தொண்டையிலதான் வைக்கணும். அவரோட விருப்பம் என்னம்மா? சொல்லியிருக்காரா?"

"இன்னைக்குச் சொல்றேன்னு சொல்லியிருந்தாரு."

"கண்ணால ஏதாவது சொல்லுவாரா?"

"சொல்லுவாரு டாக்டர். மேலே பாத்தா ஆமா. கண்ணை மூடினா…"

அங்கேயே நின்றுபோனாள். மேஜை, பச்சைத் தூள், இறுக்கி மூடிய இமை. திறந்து தன்னைப் பார்த்தது, மறுபடி மூடியது. ஜுவைரியாவின் குரலை இரண்டு தடவை கேட்ட மனுஷன். வேணாம் வேணாம் என்று கத்தியிருக்கிறார், நாமோ விளக்கைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நின்றிருக்கிறோம்! ஐயோ, மாதாவே!

"மூடினா என்னம்மா?" என்றார் டாக்டர்.

சலோமி புருஷனைப் பார்த்தாள். கண் முழுக்க மூடியிருந்தது. மயக்கமா, பதிலா? குனிந்து காதில் கேட்டாள். "ஏங்க, ட்யூப் வைக்கச் சொல்லவா?" கண் மூடியேதான் இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டாள். மூடியேதான் இருந்தது.

"வைங்க டாக்டர்" என்றான் பின்னாலிருந்து நெல்சன். "எங்கண்ணன் பொழைக்கணும், வைங்க. அண்ணி, சொல்லுங்களேன்!"

டாக்டர் அவளைத்தான் பார்த்தார். நேரம் இல்லை என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. சலோமி சரியென்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் ஐ.சி.யூ. வாசலில் நிற்கும்போது போன் வந்தது. "அக்கா, ரேம் வந்துடுச்சு. சரியான ரகம்தான், செக் பண்ணிட்டேன். வீட்டுக்கு எடுத்துட்டு வரவா?" என்றாள் ஜுவைரியா. சலோமி போனை நெல்சனிடம் கொடுத்தாள். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, பேசத் தெரியாதவன் மாதிரி நின்றான்.

தொண்டையில் ஓட்டை போட்டு ட்யூப் வைத்து, மயக்கம் தெளிந்து பிராங்க்ளின் கண் திறந்த அன்றைக்கு சலோமியை உள்ளே விட்டார்கள். நர்ஸ் கட்டிலைச் சற்று நிமிர்த்தி வைத்தாள். மெஷின் ஒரே தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் முகம் தெளிவாக இருந்தது, நல்ல நினைவோடு பார்த்தார். டாக்டர் சொன்ன அந்தப் பல வருஷம் சலோமிக்கு ஞாபகம் வந்தது. அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, என்னைத் தெரியுதா?"

கண் மேலே போனது.

"ட்யூப் வைக்கச் சொன்னது நான்தாங்க. நீங்களும் அதைத்தான் சொல்ல இருந்தீங்களா?"

பிராங்க்ளின் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். இமை ஓரத்தில் சுருக்கம் விழுகிற அளவுக்கு இறுக்கி மூடிக்கொண்டார், திறக்கவில்லை.

சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "பாருங்கம்மா, கண்ணைத் திறந்ததும் முதல் வேலையா ஜெபம் பண்றாரு."

"இல்ல சிஸ்டர்" என்றாள் சலோமி. "ஜெபம் பண்ணல."