அமரர் ஊர்தியில் ஆறு பெண்கள்

ஸ்கூட்டர் சாவியைச் சட்டைப் பையில் போட்டு, அதன்மேல் ஒரு தட்டும் தட்டினான் கணவன். தீர்ப்பு சொல்லியாயிற்று என்பதுபோல.

"இனிமே உன்னக் கொண்டு விட என்னால முடியாது. வேலைய விட்டுடு."

"பஸ்ஸ நிறுத்தினது அவங்க. வேலைய நிறுத்தறது நானா?"

அவள் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். அந்தக் குடியிருப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரே பஸ்ஸைத் 'தற்காலிகமாக' நிறுத்தி மாதக் கணக்காகிவிட்டது. அன்றிலிருந்து அவள் உத்தியோகம் அவன் பின் சீட்டில் தொங்கியது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் சீட் ரத்து.

"பொம்பளைக்கு எதுக்கு இந்த அலைச்சல்?" என்று மாமியார் மகன் பக்கம் சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் முட்டி 'மடக்'கென்றது. அந்த முட்டிக்கு ஊசி போட அவரும் அதே பின் சீட்டுக்குத்தான் கெஞ்ச வேண்டும்.

இன்று அந்த பஸ்ஸைப் பற்றிப் போக்குவரத்துத் துறையின் கருத்துக் கேட்புக் கூட்டம். யாரும் வந்து கேட்காவிட்டால் பஸ் நிரந்தரமாக ரத்து. கூட்டம் நடக்கும் தலைமை அலுவலகத்துக்கோ பஸ்ஸே கிடையாது. இதைத் திட்டமிட்ட மூளையை அருங்காட்சியகத்தில் வைக்கலாம். அங்கேயும் பஸ் போகாது.

"கூட்டத்துக்கு எதுல போவே? பறந்தா?" என்றான் கணவன்.

வாசலில் ஹாரன் கேட்டது. எதிர்வீட்டு அமரர் ஊர்தி டிரைவர்.

"அக்கா, அந்தப் பக்கம்தான் போறேன், வண்டி காலி. ஏறுங்க. இதுல வந்தவங்க யாரும் இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல."

தெருப் பெண்கள் நால்வர் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். அவள் ஏறினாள். பின்னாலேயே நொண்டிக்கொண்டு மாமியார்.

"தள்ளி உக்காருடி."

"அம்மா! அது பொண வண்டிம்மா!"

"எப்படியும் ஏறப்போறதுதான்டா. இப்பவே ஏறினா வேடிக்கையாவது பார்க்கலாம்."

தலைமை அலுவலகத்தில் வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டைத் திறந்தான். படியில் நின்ற திட்ட அதிகாரி முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். பின்கதவு திறந்து ஆறு பெண்கள் குதித்ததும் சோகம் பீதியானது.

"அந்தத் தடத்துல ஆளே ஏறறதில்லையேம்மா" என்றார், ஒருவழியாகத் தேறி.

"வராத பஸ்ல எப்படி சார் ஏறறது?"

"நிதி வேணுமே!"

"மேம்பாலத்துக்கு மேல இன்னொரு மேம்பாலம் கட்டறீங்களே. அதுக்கு மட்டும் நிதி வானத்துலேந்து கொட்டுதா? கார்க்காரங்களக் கூப்பிட்டு, 'பாலம் வேணுமா'ன்னு கருத்து கேட்டீங்களா?"

அதிகாரி தண்ணீர் குடித்தார். "மேலிடத்துல பேசிச் சொல்றோம். கிளம்புங்க."

வெளியே வண்டியைக் காணோம். அழைப்பு வந்ததும் டிரைவர் போய்விட்டான். செத்தவர்களைக் காத்திருக்க விடும் வழக்கம் அங்கே இல்லை.

போன் அடித்தது. கணவன். குரல் இறங்கியிருந்தது. "சரி சரி, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"உங்க ஸ்கூட்டர்ல ஒரு சீட்டுதாங்க. நாங்க ஆறு பேரு."

வைத்துவிட்டாள்.

எல்லோரும் திரும்ப உள்ளே வந்தார்கள். மாமியார் அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொன்றை இழுத்து அதன்மேல் காலை நீட்டிக்கொண்டார்.

சாயங்காலம் அதிகாரி சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.

"ஆபீஸப் பூட்டணும்மா. எப்போ கிளம்புவீங்க?"

அவள் ஜன்னல் வழியே வெறிச்சென்றிருந்த ரோட்டைப் பார்த்தாள்.

"பஸ் வந்ததும் சார்."