தொண்டியில் முப்பத்தி நாலு

"இங்க நாப்பத்தி மூணு டிகிரி அத்தா. இந்த வெயில்ல வந்து என்ன செய்யப் போறீங்க?" என்றான் ஃபிரோஸ்.

சித்திக் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மாவை வீசினார். மலேசியாவில், ரந்தா என்கிற சிற்றூரில், ஹாஜா மைதீனின் சாப்பாட்டுக் கடையில், இந்தக் கல்லுக்கு முன்னால் நின்று இருபத்தேழு வருடமாக ரொட்டி சுடுகிறார். மகன் தொண்டியில் இருந்துகொண்டு அவருக்குச் சூடு என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கிறான். கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"ஆடி கழியட்டும் அத்தா. அதுக்கப்பறம் பாத்துக்கலாம்."

"பர்மிட் அடுத்த மாசம் முடியுதேடா."

"முதலாளிகிட்ட சொல்லி இன்னும் ஒரு வருஷம் நீட்டச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு வைத்துவிட்டான். சும்மா சொல்லக்கூடாது, அந்த வீட்டுக்குச் சித்திக் வந்து சேர ஏற்ற காலமாக எந்தக் காலமும் அமைந்ததில்லை. போன வருடம் ஐப்பசியில் வருகிறேன் என்றார். தெருவெல்லாம் தண்ணி, கார் வீட்டுக்கு வராது என்றார்கள். சரி, மார்கழியில் வருகிறேன் என்றார். பனி உங்கள் நெஞ்சுக்கு ஆகாது என்றார்கள். இப்போது கோடை. கடைசியாக அவர் ஊருக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது. அந்த வீட்டுக்குச் செங்கல் வாங்கியது, மாடி எடுத்தது, மகன் அறைக்கு ஏசி வைத்தது எல்லாம் இவர். ஆனாலும் சொன்னதையெல்லாம் நம்பினார். பெற்ற பிள்ளை வெயிலைப் பற்றிக்கூடவா பொய் சொல்வான்?

மத்தியானக் கூட்டம் கலைந்ததும் ஹாஜா மைதீன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதர்களுக்கும் அவசரம் இருக்கிறது.

"சித்திக், அடுத்த மாசம் இருபதாம் தேதியோட பர்மிட் முடியுதுப்பா. வயசு தாண்டிருச்சு, இனிமே நீட்ட முடியாதுன்னுட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு தேதி சொல்லு, டிக்கெட் போட்டுடறேன்."

"வீட்ல கேட்டுச் சொல்றேன் முதலாளி."

"உன் வீட்டுக்குப் போறதுக்கு யாரைப்பா கேக்கணும்?"

சித்திக் கல்லைச் சுரண்டினார். உடம்பெல்லாம் அசதி. தூங்கினால் போகிற அசதி இல்லை அது. எங்கேயாவது ஓரிடத்தில் இனி எழுந்திருக்க வேண்டாம் என்று உட்கார்ந்தால்தான் தீரும்.

மூன்று மணிக்கு மயிலம்மாள் வந்தாள். பக்கத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறவள். வேலை விட்டதும் நேராக இங்கே வந்து, தலைத்துண்டை அவிழ்த்து மேசைமேல் போட்டு, ஐஸ் போட்ட தேத்தண்ணி, ஒரு தே ஐஸைக் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். குடிக்கும்போது கைபேசியில் ஊர் ஊராக வெயில் பார்ப்பது அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு. சொந்தக்காரர்கள் இருக்கிற ஊரையெல்லாம் அதில் சேர்த்து வைத்திருந்தாள்.

"பாய், பெர்லிஸ்ல எம்மகளுக்கு முப்பத்தெட்டு. ரெம்பாவ்ல தங்கச்சிக்கு முப்பத்தஞ்சு. கேமரன்ல எங்கண்ணன் மவராசனா இருக்கான், இருபத்தி ரெண்டு. நமக்கு முப்பத்தாறுலா! இது ஆபீஸ்காரன் சொல்ற கணக்கு. பழம் பொறுக்குற எடத்துல வந்து அளக்கச் சொல்லு, மெஷினு வெடிச்சிடும்."

"இதெல்லாம் ஒரு வெயிலா மயிலம்மா? எங்க ஊர்ல நாப்பத்தி மூணு" என்றார் சித்திக். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"ஆத்தாடி! எந்த ஊரு? பேரச் சொல்லுங்க, சேத்துக்கறேன்."

"தொண்டி."

அவள் ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினாள். பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பவும் பார்த்தாள்.

"என்ன பாய் இது, முப்பத்தி நாலுதான் காட்டுது. கடலோரம்ல? ரந்தாவ விட உங்க ஊரு ரெண்டு கம்மிலா!" என்று சிரித்தாள்.

"நல்லாப் பாரு. நேத்து எவ்வளவு?"

"நேத்தும் முப்பத்தி நாலு. முந்தாநேத்து முப்பத்தஞ்சு."

சித்திக் ஈரத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் மயிலம்மாளின் சிரிப்பு அடங்கிவிட்டது. கிளாஸில் பாதி இருக்கும்போதே எழுந்து துண்டை உதறினாள்.

"சில நேரத்துல போனும் பொய் சொல்லும் பாய்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனாள். பாவம், அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

சித்திக் கடைக்குப் பின்னால், கேஸ் சிலிண்டர்கள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போய் மனைவி ரஜியாவை அழைத்தார். எடுத்ததும் வாயில் வந்தது வழக்கமான கேள்விதான்.

"அங்க வெயில் எப்படி?"

அது பழைய பழக்கம். பொதுத் தொலைபேசியில் கார்டு போட்டுப் பேசிய நாளில் மூன்று நிமிடம்தான் கிடைக்கும். பின்னால் வரிசை நிற்கும். அங்கே வெயிலா, இங்கே மழை, அங்கே காற்றா, இங்கே புழுக்கம் என்பதற்குள் கார்டு தீர்ந்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் பேசினாலும் காசில்லை என்று ஆன பிறகும் அவர்கள் பேச்சு வெயிலைத் தாண்டி நகரவில்லை.

"தாங்க முடியலைங்க. நாப்பத்தி மூணாம்" என்றாள் ரஜியா.

"முப்பத்தி நாலு."

அவள் வாய் திறக்குமுன் அவரே தொடர்ந்தார்.

"இங்கதான் முப்பத்தாறு. கல்லு முன்னாடி எவ்வளவுன்னு எந்த போனும் காட்டாது. நான் வர்றது ஃபிரோஸுக்குப் பிடிக்கலேன்னா நேரா சொல்லச் சொல்லு ரஜியா. வெயில் மேல எதுக்குப் பழியப் போடுறான்?" அவருக்குக் குரல் உடைந்தது. கோபம் என்றுதான் அவர் நினைத்தார்.

"அவனத் திட்டாதீங்க. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"நீயா?"

"ஆமா, நான்தான். மழைனு சொன்னதும் நான்தான், பனின்னு சொன்னதும் நான்தான்."

சித்திக் அப்படியே சுவரோரம் குந்திவிட்டார். அடப்பாவி மனுஷி! மகன் சொல்லியிருந்தால் அவனை ஒரு பாட்டம் திட்டித் தீர்க்கலாம். இவளை என்ன செய்வது?

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள் ரஜியா. "லீவுல வர்ற மனுஷன் ரெண்டு மாசத்துல போயிடுவாருன்னு தெரியும். இது அப்படி இல்லையே. விடிஞ்சா எந்திரிச்சா நீங்க இருப்பீங்க. நானும் இருப்பேன். என்ன பேசுறது? இத்தன வருஷமா வெயில் எப்படி, மழ எப்படி, இத விட்டா நாம வேற என்ன பேசியிருக்கோம்? ஒரே வீட்டுல இருந்தா அதையும் கேக்க முடியாது. நானும் அதே வெயில்லதானே உக்காந்திருப்பேன்."

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். வெயில் இல்லாத கேள்வி ஒன்றாவது அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று தேடினார். தேடத் தேட ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது.

"உன் பல்லு வலி எப்படி இருக்கு?"

"எந்தப் பல்லு?"

"வலிக்குதுன்னு சொன்னியே ஒரு நாளு."

"அதப் புடுங்கி நாலு வருஷமாச்சுங்க."

உள்ளேயிருந்து ஹாஜா மைதீன் குரல் கொடுத்தார். "சித்திக், தேதி என்னாச்சுப்பா?"

சித்திக் கைபேசியை இன்னும் நெருக்கமாக வைத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம், கீழ் கடவாய்." பிறகு அவளாகவே சொன்னாள். "சீழ் வச்சிருச்சு. மூணு ராத்திரி சுவத்துல முட்டிக்கிட்டு அழுதேன். நீங்க போன் அடிச்சப்ப, இங்க ஒரே புழுக்கமா இருக்குன்னு சொன்னேன்."

சித்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைப் பக்கம் திரும்பி, "பத்தொன்பதாம் தேதிக்குப் போடுங்க முதலாளி" என்று கத்தினார்.

"ஏங்க, வேணாங்க, வெயிலு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ரொட்டி கேட்டு யாரோ மேசையைத் தட்டினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"ரஜியா, வேற எதையெல்லாம் என்கிட்ட புழுக்கம்னு சொன்ன?" என்று கேட்டார். "ஒண்ணொண்ணா சொல்லு."