இடுப்பைப் பிடித்த தையல்

மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கொழுந்தன் தன்னுடைய பேன்ட்டையே மெஷினில் வைத்து இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக் கேரியருடன் குனிந்து உள்ளே வந்த அண்ணி, அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தத் தையல் கடையில் எதிரெதிராக இரண்டு மெஷின்கள். ஒன்று அவளுடையது. மற்றதில் முன்பு அவள் கணவர் உட்கார்ந்திருந்தார்; அவர் போன பிறகு அவர் தம்பி. அவர் இருந்த காலத்தில் இரண்டும் சேர்ந்து ஓடினால், இரண்டு பேர் ஓயாமல் கதையடிப்பது போல இருக்கும். அவள் மெஷின் நின்றால் அவருடையதும் நின்றுவிடும். காதில் சாக்குக்கட்டியும் கழுத்தில் டேப்புமாக நிமிர்ந்து, "என்ன மேடம், நூல் அறுந்துபோச்சா, மூட் அறுந்துபோச்சா?" என்பார்.

குடித்தால் எழுந்து போக வேண்டிவரும் என்று தண்ணீரே குடிக்கமாட்டார். சாப்பாடு ஆறி அவலாகிக் கிடக்கும். டீயும் எண்ணெய்ப் பலகாரமும்தான் உள்ளே போகும். வயிறு எரிந்தால் சட்டைப்பையில் மாத்திரை. காலையில் கழிப்பறைக்குப் போனால் லேசில் வரமாட்டார். "உள்ள உட்கார்ந்து புது டிசைன் யோசிக்கிறீங்களா?" என்று அவள் கிண்டலடிப்பாள். வெளிறிய முகத்தோடு அவரும் சிரிப்பார். ரத்தம் போவதைச் சொல்லக் கூச்சம்.

மற்றவர்கள் இளைத்தால் தொளதொளவென்று தொங்கும் துணியே காட்டிக்கொடுத்துவிடும். தையல்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. இளைக்க இளைக்க, அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தன் பேன்ட்டுகளைப் பிடித்துப் பிடித்துப் போட்டுக்கொண்டார். கடைசிவரை உடுப்பு கச்சிதமாகவே இருந்தது. ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். குடலில் வந்த கட்டி எங்கும் பரவியிருந்தது. பேசாமல் திரும்பத் தைத்து அனுப்பிவிட்டார்கள். பிறகொரு நாள், பீரோவிலிருந்த அவர் பேன்ட்டை அவள் உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். இடுப்பில் ஒன்றை ஒட்டி ஒன்றாகத் தையல்கள்.

இப்போது கேரியரை வைத்துவிட்டு, கொழுந்தன் கையிலிருந்த பேன்ட்டை வாங்கித் திருப்பினாள். ஏற்கெனவே ஒரு தையல் இருந்தது.

"என்னப்பா இது?"

"டைட்டா போடுறதுதான் இப்ப ஸ்டைல் அண்ணி."

"உன் மண்டையில இருக்குற நாலு முடிக்கு ஸ்டைல் ஒண்ணுதான் குறைச்சல். உண்மையைச் சொல்லு. ரத்தம் போகுதா?"

அவனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "போயும் போயும் உங்ககிட்டயா அதையெல்லாம்... வெறும் சூடு அண்ணி."

"உங்க அண்ணனும் சூடுன்னுதான் சொன்னாரு."

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஆபரேஷன்னுவாங்க. அண்ணனுக்குக் கத்தி வச்சாங்களே, என்ன ஆச்சு?"

"அவரைக் கத்தி கொல்லலப்பா. கத்திக்கு முன்னாடி அவரே போட்டுக்கிட்ட தையல்தான் கொன்னுச்சு."

அவள் அவனை வெளியே அழைத்து வந்து, ஷட்டரை முழுக்க இறக்கி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

பரிசோதனையில் கட்டி இருப்பது தெரிந்தது. நல்லவேளை, பரவவில்லை. குடலில் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் இணைத்தார்கள். "கூடப்பிறந்தவருக்கு வந்திருக்குன்னா, தொந்தரவு தெரியுறதுக்கு முன்னாடியே நீங்க வந்திருக்கணும்" என்றார் டாக்டர். "எல்லா வயித்துக் கோளாறும் இது இல்லம்மா. நிறைய பேருக்குத் தண்ணி, கீரை, பழம், தினம் கொஞ்சம் நடை, இதுலயே சரியாயிடும். எது எதுன்னு பார்த்தாத்தானே தெரியும்?"

கட்டுப் பிரித்த அன்று கொழுந்தன் வயிற்றைக் குனிந்து பார்த்து, "தையல் கொஞ்சம் கோணல் அண்ணி" என்றான். நெடுநாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

இப்போது அவன் மெஷின் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் நிற்கிறது. காலையில் நடந்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறான். ஒருநாள் பழைய பேன்ட்டை நீட்டி, "இடுப்பைப் பிரிச்சு விடுங்க, இறுக்குது" என்றான். அவள் ஒவ்வொரு தையலாக, அவசரமில்லாமல் பிரித்தாள். எதிர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய சத்தம்.

அந்த நேரம் வாடிக்கைக்காரர் ஒருவர் பேன்ட்டோடு வந்தார். "இடுப்பு பிடிக்கணும்மா, நிக்கவே மாட்டேங்குது."

அவள் டேப்பை எடுக்கவில்லை. "நடந்து, சாப்பாட்டைக் குறைச்சு இளைச்சீங்களா, தானா இளைச்சீங்களா?"

அவர் விழித்தார். "தானாத்தான். ஏம்மா?"

"அப்ப முதல்ல டாக்டர்கிட்ட வயித்தைக் காட்டிட்டு வாங்க. வயித்துல கோளாறுன்னு சொல்றதுல வெட்கம் ஒண்ணும் இல்லைங்க. மறைச்சாத்தான் ஆபத்து. பேன்ட் எங்கயும் போயிடாது, இங்கயே இருக்கும்."

எதிர் மெஷின் நின்றது. "போயிட்டு வாங்க சார்," என்றான் கொழுந்தன். "அண்ணி சொல்லித்தான் நானே போனேன்."