முள்ளு வீட்டுக் கடிகாரம்

சீவிச் சீவிப் பென்சில் சுண்டுவிரல் அளவுக்கு வந்துவிட்டது. அவள் மட்டும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் செல்போன் கிடந்தது. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வை மறுபடி எழுதுவதற்கு அதில் இரண்டு தேதிகள். ஒன்று இரண்டே மாதத்தில். அதற்குப் பதிவு இன்று இரவோடு முடிகிறது. இன்னொன்று அடுத்த வருஷம்.

மறுபடி என்றால் அதுதான் கடைசி. மாலை வகுப்பில் சேர இரண்டு தடவைதான் எழுத விடுவார்கள். அதிலும் கோட்டை விட்டால் கதவு சாத்தியது சாத்தியதுதான்.

மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "உங்க விண்ணப்பத்தை நிராகரிச்சுட்டாங்க" என்று வருகிறவர்களிடம் சொல்வது அவள் வேலை. சிலர் கத்துவார்கள். சிலர் "சரிம்மா" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கத்துகிறவர்களை மறந்துவிடலாம். அந்தச் "சரிம்மா"க்கள்தான் வீடு வரைக்கும் கூடவே வந்தன. ஒரு நாளாவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், அவர்களுக்காக நின்று பேசவேண்டும் என்ற ஆசைதான் முப்பத்து மூன்று வயதில் அவளைப் பென்சில் பிடிக்க வைத்தது.

முதல் தடவை நாலே மதிப்பெண்ணில் போயிற்று. கடைசிப் பத்தியைத் தொடுவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். வீட்டில் எழுதிய மாதிரித் தேர்வுகளில் ஒரு தடவைகூட அப்படி ஆனதில்லை. "ஹால்ல கை உதறிடுச்சு" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். பாடத்தில் குறை என்றால் படித்துத் தீர்க்கலாம். பயத்தை எந்தப் புத்தகத்தில் படித்துத் தீர்ப்பது?

"இன்னைக்கு ஒரு பகுதி எழுதிப் பாரேன்" என்றான் கணவன். "முடிச்சுட்டேன்னா கண்ணை மூடிக்கிட்டு இந்தத் தடவையே போட்டுடு."

அவன் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். டிரைவர்கள் வைத்த பெயர் முள்ளு. கடிகார முள்ளா, காலில் குத்துகிற முள்ளா என்று கேட்டால், ரெண்டும்தான் என்பார்கள். ஒரு நிமிடம் பிந்தி வண்டி உள்ளே நுழைந்தாலும் மெமோ. அவன் மேசைக்கு முன்னால் ஆறடி ஆட்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். சொந்த மச்சானுக்கே மெமோ கொடுத்த மகராசன். அப்பேர்ப்பட்டவன் நேரம் பார்க்க இருக்கும்போது அவளுக்குக் கடிகாரம் எதற்கு? பார்த்தால் கவனம் சிதறுகிறது என்று சுவர்க் கடிகாரத்தை அவளே கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டிருந்தாள்.

மாமியார் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மருமகள் எழுதும்போதெல்லாம் டிவி சத்தத்தை அடியோடு அணைத்துவிட்டு, வாயசைவை மட்டும் பார்த்தே அழக்கூடிய திறமைசாலி அவள். "இன்னைக்கு மட்டும் சத்தம் வெச்சுக்கறேன்டி, கோச்சுக்காதே. சீரியல்ல அந்தப் பொண்ணுக்கு நினைவு திரும்புற நாள்."

"வெச்சுக்கோங்க அத்தை. ஹால்லயும்தான் யாராவது இருமுவாங்க."

சீரியல் அரை மணி. இந்தப் பகுதியும் அரை மணி. இரண்டும் ஒன்றாகத்தான் ஆரம்பித்தன. குத்தகைக்காரன், வீட்டுச் சொந்தக்காரன், உடைந்த குழாய், யார் பொறுப்பு என்று அவள் பத்திகளுக்குள் இறங்கிப் போனாள். அடுத்த அறையில் யாரோ யாரையோ அறைந்தார்கள். அவள் வட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டே போனாள். பிறகு செய்தி ஆரம்பிக்கிற இசை கேட்டது.

பென்சில் ஒரு கணம் நின்றது. இன்னும் ஒரு முழுப் பத்தி மிச்சம் இருந்தது. அவன் "டைம்" என்று சொல்லவில்லை. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அவள் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், குழந்தைக்கு ஊட்டுகிறவன் தானும் வாயைத் திறப்பதைப்போல. அவள் படித்து, யோசித்து, அழித்து, கடைசி வட்டத்தையும் நிரப்பிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"டைம்!" என்றான்.

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி வந்தாள். "இன்னுமா எழுதுறே? செய்தியே பாதி ஓடிடுச்சு. அவளுக்கு நினைவு திரும்பி ஜெயிலுக்கே போயாச்சு."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை நாளா இப்படி?" என்றாள்.

"முதல்லேருந்தே." அவன் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "முதல் நாள் இன்னும் நாலு கேள்வின்னு உதட்டைக் கடிச்சிட்டு இருந்தே. முடிக்கட்டுமேன்னு விட்டேன். முடிச்சதும் உன் முகத்தைப் பார்க்கணுமே... அப்புறம் எப்படிச் சொல்றது?"

"ஒரு நிமிஷத்துக்கு எங்க அண்ணனுக்கு மெமோ குடுத்தீங்களே!"

"அது பஸ்ஸு."

"இது என் வாழ்க்கைங்க!"

அவன் எழுந்துபோய் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான். அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் அதற்கு அடியில், சேற்றுக்குள் கால் தரை தொட்டதைப்போல, வேறொன்றும் தட்டுப்பட்டது. ஹாலில் அவளைத் தோற்கடித்தது பயமே இல்லை. அங்கே மணி சரியாகத்தான் அடித்தது. அவள் மெதுவாகப் படிக்கிறவள், அவ்வளவுதான். மெதுவுக்கு மருந்து உண்டு. இரண்டு மாதத்தில் கேட்குமா, வருஷம் பிடிக்குமா என்பதுதான் தெரியாது.

அவள் அடுத்த வினாத்தாளை எடுத்தாள்.

"இந்தத் தடவை நான் பார்க்கறேன் நேரம்" என்று மாமியார் மகனின் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கு இந்த இரக்கம் கிரக்கமெல்லாம் கிடையாது. மருமகள்தானே!"

சிரிப்பு வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். டிவியை அணைத்திருந்தார்கள். தாள் திரும்பும் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை.

"டைம். பென்சிலை வைடி."

வைத்தாள். வட்டம் பாதிதான் கறுத்திருந்தது, கடித்து வைத்த பழம்போல. அதற்குக் கீழே வெள்ளை வட்டங்கள் வரிசையாக இருந்தன. செல்போன் திரையைத் தட்டினாள். இரண்டு தேதிகளும் மறுபடி வெளிச்சமாயின. வாசல் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். அங்கே அவன் இல்லை. நிலையில் சாய்ந்திருந்தவன் எப்போது உள்ளே வந்தானோ, மேசைக்கு முன்னால் கைகளை முன்னே கோத்துத் தலையைக் குனிந்தபடி நின்றுகொண்டிருந்தான், பிந்தி வந்த வண்டியின் டிரைவர் மாதிரி.