அகரவரிசையில் ஆண்டோவும் தொம்மையும்

கல்லறைத் திருநாள் பூசையில் யார் வீட்டுப் பேரை முதலில் படிப்பது என்று போன வருஷம் கீழத்தெருவும் மேலத்தெருவும் கோயில் வாசலிலேயே சண்டை போட்டுக்கொண்டன. செத்தவர்களுக்கு ஓர் அவசரமும் இல்லை, இருப்பவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. சாமியார் அலுத்துப்போய், இந்த வருஷம், 2013-ல், எல்லாப் பேரும் அகரவரிசையில்தான் என்று முடித்துவிட்டார். அந்த வேலை ஆஷ்லின் தலையில் விழுந்தது. திண்டிவனம் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறவள் ஊரில் அவள் ஒருத்திதானே.

தினமும் வேலை முடிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு திரும்பி, குடும்பங்கள் கொடுத்த சீட்டுகளைப் பார்த்து வரிக்கு ஒரு பேராக அடித்தாள். அம்மா இருதயசெல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா பேரும் அண்ணன் பேரும் ஒண்ணா வர்ற மாதிரி பாத்துக்கோடி. எனக்கு அது போதும்."

அண்ணன் ஆண்டோ படிப்பை விட்டு லாரிக்குப் போன நாளிலிருந்து அப்பா தொம்மை அவனோடு பேசவில்லை. விக்கிரவாண்டி அருகே லாரி கவிழ்ந்து அவன் போனான். அடுத்த வருஷமே அப்பாவும் போய்விட்டார். வருஷத்துக்கு ஒருமுறை சாமியார் வாயிலாவது இரண்டு பேரும் சேர்ந்து வருவதைக் கேட்கத்தான் அம்மா காத்திருப்பாள்.

"சரிம்மா" என்றாள் ஆஷ்லின், யோசிக்காமலே.

கம்ப்யூட்டரில் பைத்தான் நிரலாக நாலு வரி. ஃபைலைத் திற, வரிகளைப் படி, அடுக்கு, எழுது. படித்த ஃபைலிலேயே எழுதாதீர்கள் என்று பிள்ளைகளுக்குத் தொண்டை வறளச் சொல்கிறவள், அசதியில் அதையே செய்தாள். ஆண்டோ முதல் பக்கத்தில் இருந்தான். அப்பா எங்கேயோ பின்னால் கிடந்தார். குடும்பத் தலைவர் பேரை வைத்து அடுக்கியிருந்தால் அவரவர் வீட்டோடு நின்றிருப்பார்கள். அது உறைத்தபோது பழைய வரிசை அழிந்திருந்தது. சீட்டுகளும் குப்பையோடு போயிருந்தன.

அப்பா பேரை மட்டும் வெட்டி மேலே ஒட்டலாம். ஆனால் தன் வீட்டுக்கு மட்டும் சலுகை என்று ஊர் வாயில் விழ அவளுக்குத் தெம்பில்லை. அம்மாவிடம் சொல்லவும் தெம்பில்லை. அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

பேர் வரும்போது அந்த வீட்டார் எழுந்து நிற்பது வழக்கம். "ஆண்டோ" என்றார் சாமியார். அம்மா எழுந்தாள். அடுத்து வேறு யாரோ பேர். அம்மா உட்காரவில்லை. மற்றவர்கள் எழுந்தும் உட்கார்ந்தும் கொண்டிருக்க, முட்டி வலியோடு அம்மா நின்றுகொண்டே இருந்தாள். ஆஷ்லின் புடவையைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. "தொம்மை" என்று கேட்ட பிறகுதான் உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் ஆஷ்லினுக்கு அழுகை முட்டியது.

"என்மேலதாம்மா தப்பு. அதுக்குன்னு எதுக்கு அவ்ளோ நேரம் நின்னுக்கினு இருந்த?"

"நடுவுல எத்தினி பேரு இருந்தாங்க பாத்தல்ல? அத்தினி பேரையும் தாண்டிக்கினு அவன் உங்கப்பாகிட்ட போய்ச் சேர வேணாமா? அதுவரைக்கும் கூட நின்னேன்."